என் மரத்தின் மேல் பெருக்கல் குறி

பெருக்கல் குறியை நேராகத்தான் போட்டிருக்கிறார்கள். மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒன்று, அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று, இரண்டும் நல்ல சிவப்பு. கீழே கொட்டை எழுத்தில் ‘சீமைக் கருவேலத்தை வேரோடு ஒழிப்போம்.’ அதற்கும் கீழே கல்லூரியின் பெயர், கைகூப்பிச் சிரிக்கிற தாளாளர் அருமைநாயகம். எல்லாம் சரி. ஆனால் பெருக்கல் குறிக்கு அடியில் இருப்பது சீமைக் கருவேலம் இல்லை. அது உடைமரம். என் உடைமரம், நான் வரைந்தது. கூடத்தின் கடைசியில், பிள்ளைகளின் தலைக்கு மேலே, மேடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்த்துப் பூரிக்கட்டும் என்று அந்தப் பிளெக்ஸைக் கட்டியிருக்கிறார்கள். மேடை ஏறும்போது நான் பார்க்கவில்லை. சந்தனம் எடுங்க, கற்கண்டு எடுங்க, இந்தப் பக்கம் வாங்க என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, நிமிர்ந்து பார்த்தால் எதிரே அது நிற்கிறது. முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நொடி, அட நம்ம படம் என்று ஒரு சந்தோஷம். பிறகுதான் சிவப்பு கண்ணில் பட்டது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நின்றபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற வங்கி மேலாளர், ஏசி இல்லாததால் எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். பெயர் செண்பகவல்லி, ஓவியர், வயது அறுபதை நெருங்குகிறது, முகத்தில் குத்தினாலும் நன்றி சொல்கிற ஜென்மம்.

இப்போது அறிக்கை வாசிக்கிறவன் ஹரிஹரசுதன். என் அக்கா மகன். இந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறான், நாட்டு நலப்பணித் திட்டத்தையும் அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். காலையில் அக்கா போனில் சொன்னாள், பயலை இந்த வருஷம் நிரந்தரம் பண்ணப் போகிறார்களாம், தாளாளரே வாய்விட்டுச் சொன்னாராம், நீ வந்து ரெண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போ, உன் வாயை வைத்துக்கொண்டு வேறு எதுவும் பண்ணிவிடாதே. என் வாய். அறுபது வருஷத்தில் இந்த வாய் யாரை என்ன பண்ணியது? சுதன் வெள்ளைச் சட்டையில், கழுத்தில் அடையாள அட்டையோடு, தாளைத் தூக்கிப் பிடித்து வாசிக்கிறான். கல்லூரி வளாகத்துக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் இரண்டு நாளாகப் பணி. மேற்குப் பகுதி முழுவதும் முடிந்தது. நாளை காலை கிழக்குப் பகுதி, பொக்லைனும் வருகிறது. மேற்கு. என் காதில் அந்தச் சொல் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. மேற்கில்தான் அது நின்றது. பிளெக்ஸில் இருக்கிற அதே மரம். இந்தக் கல்லூரி வருவதற்கு முன்னால், பொட்டலைச் சுற்றிச் சுவர் எழும்பாத காலத்திலிருந்து, வள்ளியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து நான் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். சுதன் அடுத்த வரியை வாசிக்கிறான். மாணவர்கள் தவறான மரத்தை வெட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு குழுவுக்கும் படத்தின் நகல் கொடுக்கப்பட்டதாம். மரத்தின் எதிரே படத்தைப் பிடித்து, உச்சி குடை மாதிரி இருக்கிறதா, வெள்ளை முள் இருக்கிறதா, காய் சுருண்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அரிவாளை வைத்தார்களாம். முதலில் வெட்டியது படத்தில் உள்ளது போலவே அச்சு அசலாக இருந்த மரத்தையாம். கைதட்டுகிறார்கள். சுதன் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். அவன் அம்மா மாதிரியே மேல்வரிசைப் பல் கொஞ்சம் தெரிகிற சிரிப்பு. சித்தியைப் பெருமைப்படுத்திவிட்ட சிரிப்பு. அந்தக் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடவேண்டும் போலிருக்கிறது.

விட மாட்டேன். எனக்கே தெரியும். கோபம் வந்தால் நான் போய் வரைவேன், அவ்வளவுதான் என் பவுசு. உடைமரத்தை வரைய ஆரம்பித்ததே கோபத்தில்தான். ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம், உங்கள் ஊர் மரம் ஒன்றை வரைந்துகொண்டு வாருங்கள் என்றார் வாத்தியார். ஆற்றங்கரைக்காரன் மருதமரம் கொண்டுவந்தான், மலைக்காரி பலா கொண்டுவந்தாள். நான் உடைமரம் கொண்டுபோனேன். வாத்தியார் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். உங்க ஊர்ல மரமே இல்லையாம்மா என்று கேட்டார், வகுப்பு சிரித்தது. பெயரில் செண்பகத்தை வைத்துக்கொண்டு முள்ளை வரைகிறாயே என்று ஒருத்தன் வேறு. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. பாருங்கடா, நல்லா பாருங்கடா, இது மரம் என்று திரும்பத் திரும்ப அதையே வரைந்தேன். யாராவது ஒருத்தர் பார்க்கிற மாதிரி வரைந்துவிட வேண்டும். பொட்டைக்காட்டில் மழையே இல்லாமல் அது எப்படி நிற்கிறது, ஆனி ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து ஆளையே தள்ளுகிறபோது உச்சியைத் தட்டையாக விரித்துக்கொண்டு கொஞ்சமும் அசையாமல் எப்படி நிற்கிறது. பட்டை சாம்பல் நிறம் என்று சொல்லிவிடலாம், வரைய உட்கார்ந்தால் சாம்பல் கிடைக்காது. கறுப்பில் வெள்ளையைக் கலந்தால் அது சிமெண்ட். நீலத்தில் செம்மண் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அதில் துளி வெள்ளை, அப்போதுதான் பட்டை வரும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை கேன்வாஸ் வீணாய்ப் போயிருக்கிறது. இலையை இலையாக வரைய முடியாது, அவ்வளவு பொடி. இலைக்கு நடுவே தெரிகிற வானத்தை வரைய வேண்டும், இலை தானாக வந்துவிடும். முள்ளிலும் இரண்டு தினுசு, நீளமாக நேராக வெள்ளையாய் ஒன்று, சின்னதாகக் கொக்கி மாதிரி ஒன்று. ஒரே கிளையில் இரண்டும் இருக்கும். ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. அந்தப் பிளெக்ஸில் இருக்கிற படம் ஒரு ஆனி மாசம் முழுக்க வரைந்தது. கேன்வாஸ் ஸ்டாண்டில் கயிறு போட்டு, கயிற்றின் மறுமுனையைக் கல்லில் கட்டி, அப்படியும் காற்றில் அது ஒருநாள் என் மேலேயே விழுந்தது. மணல் பறந்து வந்து ஈர வர்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் எடுக்கவில்லை, மரத்தின் மண் மரத்தோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது பெரிதாக அச்சடித்ததில் அந்த மணல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அச்சுக்கடைக்காரர் கல்யாணப் போட்டோவில் பருவை அழிக்கிற மாதிரி பாதிப் புள்ளியை அழித்திருக்கிறார். மீதியை விட்டுவிட்டார், சாப்பிடப் போயிருப்பார்.

இவ்வளவு நன்றாக வரையாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. என்ன பேச்சு இது. அடையாளமே தெரியாத மாதிரி நாலு தீற்று தீற்றியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போய் எவனும் எந்த மரத்தையும் கண்டுபிடித்திருக்க மாட்டான். சென்னையில் ஒரு அம்மாள் என் படத்தைப் பார்த்து, ரொம்ப ரியலா இருக்கு, கொஞ்சம் கலைச்சு விடுங்களேன் என்று சொன்னாள். அவளோடு நான் சண்டை போட்டேன். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் மரம் பிழைத்திருக்கும். இல்லை. இல்லவே இல்லை, என் மேல் ஏன் பழியைப் போட்டுக்கொள்கிறேன், இதுவும் ஒரு பழக்கம், யார் தப்புச் செய்தாலும் கடைசியில் நானே போய்த் தலையைக் கொடுப்பது. தப்பு அவனுடையது. அக்காவுடையது. நான் அக்காவுக்குக் கொடுத்த படம்தான் அது, அவள் வீடு பால்காய்ச்சியபோது கொடுத்தேன். முள் படத்தை வீட்டில் மாட்டினால் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு சாஸ்திரம். ரோஜாப்பூவிலும் முள் இருக்கிறது, அதை எல்லா வீட்டிலும் மாட்டுகிறார்கள், அதை யாரிடம் போய்ச் சொல்வது. அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள், விருந்தாளிகள் போனதும் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டாள். அத்தானோடு சண்டை வரும்போதெல்லாம் அந்தச் சனியன் முள்மரம் வீட்டுக்குள்ள வந்த நேரம் என்பாள். சுதன் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தான். பிளெக்ஸ் அடிக்கப் படம் வேண்டும் என்றதும் அவனுக்குப் பீரோ ஞாபகம் வந்திருக்கும். முள்மரமா, நம்ம வீட்டிலேயே இருக்கே, சித்தி வரைஞ்சது, போய் போனில் போட்டோ எடுத்திருப்பான். அவனுக்கு முள் இருந்தால் ஒரே மரம். ஒழிக்க வேண்டிய மரம். வள்ளியூரில் பிறந்து வளர்ந்தவன், ஜன்னலைத் திறந்தால் இரண்டு மரமும் தெரிகிற ஊரில் இருப்பவன், என் மடியில் உட்கார்ந்து என் பிரஷ்ஷைக் கடித்தவன். என் ரத்தத்துக்கே கண் இல்லை. வெளியூர்க்காரன் செய்திருந்தால் இவ்வளவு எரியாது.

தாளாளர் எழுந்துவிட்டார். அடுத்தது நான்தான், அழைப்பிதழில் பார்த்தேன், தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. சிறப்புரை என்றால் நான். எனக்கு எல்லா மேடைக்கும் சேர்த்து ஒரே ஒரு பேச்சுதான் உண்டு. ‘எனக்குப் பேச வராது, என் படங்கள்தான் பேசும்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும், எங்கே சொன்னாலும் கைதட்டுவார்கள். இன்றைக்கு அதைச் சொல்ல முடியுமா? படம் பேசிய லட்சணம்தான் எதிரே தொங்குகிறதே. தாளாளர் நல்ல மனுஷர், எனக்கு அவரைப் பிடிக்காமல் போனால் வசதியாக இருக்கும், ஆனால் சாப்பிட்டீங்களா அம்மா என்று வாசலிலேயே கேட்டார். நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுகிறார். சீமைக் கருவேலம் உறிஞ்சுகிற நீரைப் பற்றி. அவர் சொல்வது அத்தனையும் உண்மை, வேறு ஒரு மரத்தைப் பற்றிய உண்மை. பிறகு என் பக்கம் கையை நீட்டி, கூடம் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

“அம்மா மட்டும் இந்தப் படத்த வரையலன்னா, எது வெட்ட வேண்டிய மரம், எது காக்க வேண்டிய மரம்னு நம்ம பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்குமா? இந்த வெற்றி அம்மாவோட வெற்றி. நம்ம சுதன் சாரோட வெற்றி.”

பொன்னாடை. கழுத்தில் விழுந்த ஜரிகை குத்துகிறது. போட்டோவுக்கு நிற்கச் சொல்கிறார்கள், சுதனையும் கூப்பிடுகிறார்கள், அவன் வந்து என் இடது பக்கம் நிற்கிறான், வியர்வையும் பவுடரும் கலந்து வாசம். கொஞ்சம் சிரிங்க மேடம் என்கிறார் கேமராக்காரர். நான் சிரிக்கிறேன். தெய்வமே, நான் சிரித்துவிட்டேன். நாளைப் பேப்பரில் அந்தச் சிரிப்பு வரும், என் மரத்தை நானே வெட்டக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. கிழக்கில் என்னென்ன நிற்கிறது? அடியிலேயே இரண்டாகப் பிரிந்த மரம் ஒன்று, ஆடு சுருண்ட காயைத் தின்ன எப்போதும் அதற்கடியில்தான் நிற்கும். சாய்ந்த மரம் ஒன்று. பெரிய மரத்தடியில் குட்டியாய் மூன்று நாலு, இன்னும் குடை பிடிக்கவே பழகாதவை, அவற்றை நான் வரைந்ததில்லை, வளரட்டும் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். நாளை காலை பொக்லைன். இப்போது சொன்னால் நிற்கும், இறங்கிப் போய்த் தனியாகச் சொன்னால் சரிங்கம்மா கவனிக்கிறோம் என்பார்கள், காலையில் பொக்லைன் பாட்டுக்கு வரும். சபையில் சொன்னால்தான் நிற்கும். சபையில் சொன்னால் சுதன் தொலைந்தான். நிரந்தரம் போகும், தாளாளர் முன்னால் மானம் போகும், நாலு வருஷத்துக்குப் பிள்ளைகள் அவனை முதுகுக்குப் பின்னால் உடைமரம் என்றே கூப்பிடுவார்கள். அக்கா என் வாசல் மிதிக்க மாட்டாள். அக்காவுக்கு அவன் ஒருத்தன்தான். எனக்கு யார்? எனக்கு அந்தப் பொட்டல்தான். இதை யாரிடமாவது சொன்னால் மரத்துக்காகவா என்பார்கள். ஆமாம், மரத்துக்காகத்தான், மரத்துக்காக ஒருத்தி கோபப்படக் கூடாதா, மனுஷனுக்காக மட்டும்தான் கோபப்பட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறதா? கிணற்றில் விழுந்த பிள்ளைக்குக் கத்துவாய் அல்லவா, அப்படிக் கத்து. மேலாளர் மறுபடியும் பாட்டிலை நீட்டுகிறார். இந்த மனுஷருக்கு வேறு வேலையே இல்லை. அடுத்ததாக நம் சிறப்பு விருந்தினர் என்று ஒரு பெண் குரல் சொல்லி முடிப்பதற்குள், சுதனே மைக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறான், இரண்டு கையாலும் பிடித்து, பூஜைத் தட்டு கொடுக்கிற மாதிரி கொடுக்கிறான். ரெண்டு வார்த்த சித்தி என்று மெதுவாகச் சொல்கிறான்.

வாங்கினேன். கனமாக இருந்தது. எனக்குப் பேச வராது என்று வாய் தானாக ஆரம்பித்தது, வழக்கமான வாய், கைதட்டுவதற்குப் பிள்ளைகளும் தயாராகிவிட்டார்கள். அந்தக் கை ஒன்றோடொன்று சேர்வதற்குள் சொல்லிவிட்டேன்.

“எனக்குப் பேச வராது. ஆனா இது சீமைக் கருவேலம் இல்ல. உடைமரம். நம்ம மண்ணுல தானா முளைச்சது, நம்ம மரம். நீங்க தப்பான மரத்த வெட்டியிருக்கீங்க. நாளைக்குக் கிழக்குப் பக்கம் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது.”

குரல் கீச்சென்று வந்தது. அழகாகவெல்லாம் இல்லை. கடைசி வரிசையில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கைதட்டி நிறுத்தினார்கள். தாளாளரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்த மாதிரி இருந்தது. நான் சுதனைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, பிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிறந்ததிலிருந்து அந்தப் படத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவன் போல. எனக்குக் கோபம் குறையவில்லை. குறையும் என்று நினைத்திருந்தேன், சொன்னால் தணிந்துவிடும் என்று, இன்னும் ஏறியது. இப்பப் பாக்கியேடா, இத்தனை வருஷம் பீரோவுக்குப் பின்னால் இருந்ததே, அப்போது எட்டிப் பார்த்திருக்கலாமே. அவன் கிட்டே வந்தான். எனக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று குனிந்து, காதோரம் சொன்னான்.

“சித்தி, படத்தோட ஒத்துவராத மரத்தையெல்லாம் விட்டுட்டோம். தரையிலயே கிளை விட்டு, மஞ்சக் காயா தொங்கிட்டுக் கெடக்குமே, அது. நாட்டு மரம்னு நெனச்சு சுத்திப் பாத்தி கட்டினோம் சித்தி. நேத்து லாரி வச்சுத் தண்ணி ஊத்தினோம்.”

மைக் என் கையில்தான் இருந்தது, என் நெஞ்சுக்கு நேரே. அவன் காதோரம் சொன்னது, சீமைக் கருவேலத்துக்குத் தண்ணீர் ஊற்றிய கதை, கூடம் முழுக்கக் கேட்டது. சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் எல்லாம் சித்தி சித்தி என்று கேட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்தார்கள், அப்போதுதான் நானும் கவனித்தேன், நிறைய விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. உடைமுள் லேசில் விடாது. தாளாளர் மைக்குக்காகக் கையை நீட்டினார், அந்தக் கையைப் பார்த்தும் நான் கொடுக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கறுத்து ஒல்லியாக, தொப்பியைக் கழற்றாமல். என்ன பெயர் என்று கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இசக்கிப்ரியா என்றாள்.

“மேடம், நாங்க முதல்ல வெட்டுன மரம், அந்தப் படத்துல இருக்கறது. அடிமரத்தோட விடக் கூடாதுன்னு குழி தோண்டி வேரையும் எடுத்துட்டோம். அது திரும்ப வருமா?”

அவள் கண் கலங்கியிருந்தது. சுதனும் என்னைப் பார்த்தான், தாளாளரும் பார்த்தார், மேலாளர்கூடப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் ஒரு நல்ல வார்த்தை தேவைப்பட்டது. நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லித்தான் நான் இந்த வயதுவரை வந்திருக்கிறேன், இன்னொன்று சொல்வதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

வராது என்று மைக்கிலேயே சொன்னேன்.